ஒன்றரை வோல்ட்

பாகம் பிரித்தபோது
ஆம்ப்ளிஃபயர் பிரெபெனுக்கு, ஸ்பீக்கர்கள் எனக்கு.
பூனை யாருக்கு என்று பேசியதில்
பாதி நேரம்கூட ஆகவில்லை இதற்கு.

நவம்பர் சனிக்கிழமை.
முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில்
இரண்டையும் படுக்கவைத்து, மேலே என் மழைக்கோட்டைப் போர்த்தி
ஓடென்ஸேயின் எதிர்காற்றில் மிதித்துப் போனேன்.
தேக்கு மேனி, ஆளுக்குப் பதினான்கு கிலோ,
எழுபத்து நான்கில் பிறந்தவை, என்னைவிட இரண்டு வயது மூப்பு.
நனைந்தது நான்தான்.

ஸ்வெனிங்கின் கடையில் உட்கார இடமில்லை.
நாற்காலியிலும் ஒரு டேப் ரெக்கார்டர் உட்கார்ந்திருந்தது.
"எத்தனை ஓம்?" என்றார், வணக்கத்துக்குப் பதிலாக.
நான்கு என்றேன்.
"பசிக்காரப் பிள்ளைகள். கரண்டை அள்ளி அள்ளிக் கேட்கும்.
நோஞ்சான் ஆம்ப் என்றால் சூடேறிச் செத்துவிடும்."

மூன்றைக் காட்டினார்.
வால்வு ஒன்று, பன்னிரண்டு வாட்ஸ்,
எதிர்வீட்டு ஜன்னல் மெழுகுவத்திகளின் நிறத்தில் எரிந்தது.
விலை, என் இரண்டு மாத வாடகை.
புதிது ஒன்று, வெண்ணெய்ப் பெட்டி அளவு.
நூறு வாட்ஸ் என்று அட்டையில் போட்டிருந்தது.
"அட்டைதான் சொல்கிறது," என்றார்.
மூன்றாவது, வெள்ளி முகத்து ரிசீவர்,
பதினோரு கிலோ, டயல் விளக்கு செத்துப்போனது.

"பேஸ் வேண்டும்," என்றேன்.
"பத்தொன்பது வருஷமாய் பேஸே இல்லை."
முதலில் கூடம் கோணல் என்றோம். கம்பளம் விரித்தோம்.
சுவரிலிருந்து தள்ளிவைத்தோம், சுவரோடு ஒட்டிவைத்தோம்.
பிறகு நான் ஆம்ப்பைச் சொன்னேன்.
விருந்தாளிகள் முன்னாலேயே சொன்னேன்.
பிரெபென் எழுந்துபோய்
பேஸ் குமிழை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருகுவான்.

ஸ்வெனிங் டார்ச்சைத் திறந்து ஒரு பேட்டரியை எடுத்தார்.
இரண்டு வயர் நுனி. ஒரு தொடுதல்.
இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு, டப்,
முன்னால் வந்தது.
வலதைத் தொட்டார். டப்.
பின்னால் போனது.
மறுபடி தொட்டார். வந்தது. போனது.

"ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க,
நடுவில் உட்கார்ந்தவருக்கு என்ன மிஞ்சும்?
ஆம்ப் பாவம். உள்ளே யாரோ
மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள்."

நான்கு திருகாணிகளைக் கழற்றினார்.
பழைய பஞ்சின் வாசனை.
அங்கே இருந்தது,
பட்டாணி அளவில், அசிங்கமாய், என் ஈயம்.
பிரெபென் வேலையாய் பெர்கன் போயிருந்த வாரம்
அறுந்த வயரை நானே ஒட்டினேன்.
சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று
ஒரு ஃபோன் செய்திருக்கலாம். மனமில்லை.
பாட்டு வந்ததும் பெருமையாகக்கூட இருந்தது.

"யாரோ" என்பதை நான் திருத்தவில்லை.

வெள்ளி முகத்தை எடுத்துக்கொண்டேன்.
"பழைய ஆம்ப்பே போதுமே," என்றார் பில் எழுதிக்கொண்டே.
அது வேறு வீட்டில் இருக்கிறது என்றேன்.
செத்த விளக்குக்கு ஐம்பது குரோனர் குறைத்தார்.

அன்றிரவு, திரைச்சீலை இன்னும் மாட்டாத வீட்டில்,
தட்டில் கிடந்த கரண்டி அதிர்ந்தது.
மனப்பாடமான இசைத்தட்டில்
ஓர் ஆள் கூடுதலாய் வாசித்துக்கொண்டிருந்தார்.
இத்தனை வருஷமும் அவர் அங்கேயேதான் நின்றிருக்கிறார்.

பிரெபெனுக்கு எழுதினேன்:
உன் ஆம்ப் மேல் தப்பில்லை.
வியாழக்கிழமை பதில் வந்தது:
தெரியும். நன்றாகத்தான் ஓடுகிறது.

முழுதும் சொல்ல இன்னும் ஒரு வரி தேவை.
அடித்தேன். அழித்தேன்.
இசைத்தட்டைத் திருப்பிப் போட்டேன்.

கை தானாய் பேஸ் குமிழுக்குப் போகிறது,
வலப்பக்கம்.
பிடித்து, நடுவுக்குக் கொண்டுவருகிறேன்.
அடுத்த பாட்டிலும் போகிறது.